நால்வருக்குச் சோறு போடுவது யார்? கிரெமோனாவிலிருந்து புடாபெஸ்ட் வரை

திங்கள், கிரெமோனா

அக்கா மகள் ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் வயோலா வாசிக்கிறாள். இரண்டு வயலின், ஒரு வயோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் கீழே), ஒரு செல்லோ (உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே வைத்து வாசிக்கும் பெரியது). கோல் பிடித்து நடத்த ஆள் கிடையாது, பியானோ கிடையாது. இந்த வாரம் அவர்களுக்கு இத்தாலியில் பாடம், ஆஸ்திரியாவில் ஒரு கச்சேரி, ஹங்கேரியில் ஒரு கச்சேரி. "கூட வாங்க மாமா, பெட்டி தூக்க ஆள் வேணும்" என்றாள். கிளம்பி வந்துவிட்டேன். மற்ற மூவரும் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் வாத்தியத்தின் பெயரையே எழுதுகிறேன். அவர்களே பாதி நேரம் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்: "செல்லோ லேட்", "செகண்ட் இன்னும் சாப்பிடலை".

எனக்கு ஒரு பாமரக் கேள்விதான். நாலு பேர் சேர்ந்து வாசித்து, வருவதை நாலாகப் பிரித்து, இதை வைத்து எப்படி ஆயுள் முழுக்கக் குடும்பம் நடத்துகிறார்கள்? அதற்குப் பதில் தேடுவதுதான் இந்தப் பயணக் குறிப்பு. தினம் இரவு எழுதிப் போடுகிறேன்.

கிரெமோனா சின்ன ஊர். வயலின் செய்தவர்களில் மிகப் புகழ்பெற்ற ஸ்ட்ராடிவாரி 1737இல் இங்கேதான் இறந்தார். இன்றும் தெருவுக்குத் தெரு வயலின் பட்டறை. சன்னல் வழியாகப் பார்த்தால் கம்பியில் வரிசையாகத் தொங்கும் பூசாத வெள்ளை வயலின்கள், தரையெல்லாம் மரச்சீவல். 2013இல் திறந்த வயலின் அருங்காட்சியகத்தில், 'கிரெமோனேசே' என்று அழைக்கப்படும் அவர் 1715இல் செய்த வயலின் கண்ணாடிக்குள் நிற்கிறது. முன்பு இது வயலின் கலைஞர் யோசெஃப் யோவாகிமிடம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரிய குவார்ட்டெட்டுகளில் ஒன்றை 1869 முதல் 1907இல் சாகும்வரை பெர்லினில் நடத்தியவர் அவர். பெர்லின் இசைக் கல்லூரிக்கு இயக்குநரும் அவரே. கச்சேரி நாற்காலிக்குப் பின்னால் கல்லூரிச் சம்பளம் நின்றது. என் கேள்விக்கு முதல் நாளே ஒரு தடயம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பழைய இத்தாலிய வாத்தியத்தைச் சொந்தக் காசில் வாங்கும் இளம் கலைஞர் இன்று அநேகமாக இல்லை. விலை வீட்டு விலையைத் தாண்டிப் பல காலம் ஆகிவிட்டது. அறக்கட்டளைகளும் வங்கிகளும் வாங்கி இரவல் கொடுக்கின்றன. வயலின் மேதை பகனினி ஒரு காலத்தில் வைத்திருந்த, ஸ்ட்ராடிவாரி செய்த நான்கு வாத்தியங்களும் ஜோடி பிரியாமல் இன்று ஜப்பானின் நிப்பான் மியூசிக் ஃபவுண்டேஷன் வசம் இருக்கின்றன. டோக்கியோ குவார்ட்டெட் 1995இலிருந்து 2013இல் கலையும்வரை அவற்றில் வாசித்தது. கலைந்ததும் வாத்தியங்கள் திரும்பிப் போயின. இருபது வருடம் போல ஒரு குரலோடு வாழ்ந்துவிட்டு, ஒரு நாள் பெட்டியை மூடி ஒப்படைப்பது எப்படி இருக்கும்? அக்கா மகளிடம் கேட்டேன். அவளுடைய வயோலாவும் இரவல்தான். "அதையெல்லாம் இப்ப கேக்காதீங்க மாமா" என்றாள்.

செவ்வாய், கிரெமோனா

காலை முழுக்க ஒத்திகை. ஓரமாக உட்கார்ந்துகொள்ள அனுமதி, பேச அனுமதி இல்லை.

எட்டு மாத்திரை நீளமுள்ள ஓர் இடத்தில் ஒன்றரை மணி நேரம் போனது. முதலில் வில்லை இழுத்துத் தொடங்குவதா, தள்ளித் தொடங்குவதா என்ற சண்டை. இழுத்தால் ஒலி கனமாக விழும், தள்ளினால் மேலே எழும். முதல் வயலின் ஒன்று சொன்னார், செல்லோ மறுத்தார், இரண்டாம் வயலின் இரண்டையும் வாசித்துக் காட்டினார், என் அக்கா மகள் பென்சிலால் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

அப்புறம் சுருதி. அவள் எனக்காக ஒரு விஷயம் வாசித்துக் காட்டினாள். மேற்கத்திய இசையில் சுரங்களுக்கும் தந்திகளுக்கும் ஆங்கில எழுத்துதான் பெயர். டி தந்தியில் ஒரு விரல் வைத்து ஈ சுரத்தைப் பிடித்தாள். மேலே இருக்கும் ஏ தந்தியோடு சேர்த்து இழுத்தாள், கச்சிதமாகப் பொருந்தியது. விரலை மயிரிழைகூட நகர்த்தாமல் கீழே உள்ள ஜி தந்தியோடு சேர்த்தாள், கூசியது. விரல் அதே இடத்தில்தான், தப்பும் இல்லை. ஆனால் ஜி தந்திக்கு அந்த ஈ கொஞ்சம் இறங்கி வர வேண்டும். தனியாக வாசிப்பவருக்கு இது ஒருவருடைய காதுப் பிரச்சினை. நால்வருக்கு? யார் இறங்குவது, யாருக்காக? ஒவ்வொரு கூட்டொலியிலும் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், அதுவும் நொடிக்குள். அதனால்தான் இவர்கள் செல்லோவின் கடைசித் தந்தியைக்கூட வழக்கத்தைவிட ஒரு துளி ஏற்றிச் சேர்க்கிறார்கள், மேலே முதல் வயலினின் ஈ தந்தியோடு உரசாமல் இருக்க.

நம் கச்சேரிகளில் பாடகருக்கு இன்று ஒரு வயலின், அடுத்த வாரம் வேறொரு வயலின். மேடையிலேயே சந்தித்து மேடையிலேயே பொருந்திக்கொள்ளும் திறமைக்குத்தான் அங்கே கைதட்டல். இங்கே நேர் எதிர். அதே நாலு பேர், அதே நாற்காலிகள், வருடக்கணக்கில். போரோடின் குவார்ட்டெட்டின் செல்லோக்காரர் வாலன்டின் பெர்லின்ஸ்கி 1945இலிருந்து 2007 வரை அதே குழுவில் வாசித்தார். அறுபத்திரண்டு வருடம்! பல கல்யாணங்கள் இவ்வளவு ஓடுவதில்லை.

பிற்பகல் பாடம். இங்குள்ள ஸ்டாஃபர் அகாடமியில் கற்பவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. பின்னால் ஓர் அறக்கட்டளை. இவர்கள் அங்கே படிக்கவில்லை, வேறோர் ஆசிரியரிடம் தனியாகப் பாடம் கற்க வந்தவர்கள். ஆனால் அந்த ஏற்பாட்டைப் பற்றி இரவுச் சாப்பாட்டில் பொறாமையோடு பேசிக்கொண்டார்கள்.

புதன், ரயிலில்

நாள் முழுக்க ரயில் மாற்றி ரயில். எழுத அதிகம் இல்லை, செல்லோவைத் தவிர.

விமானத்தில் செல்லோவுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். சன்னலோர இருக்கையில் பெல்ட் போட்டு உட்காரவைக்கிறார்கள். ஐந்து டிக்கெட் போட்டுப் போய் நாலு பேர் வருமானத்தோடு திரும்பும் கணக்கு. போன வருடம் ஒரு விமான நிறுவனம், டிக்கெட் இருந்தும், வாசலில் வைத்து ஏற்ற மாட்டேன் என்றதாம். அன்றிலிருந்து முடிந்தவரை ரயில். வில் இன்னொரு தலைவலி. நல்ல வில் பிரேசிலின் பெர்னாம்புகோ மரத்தில் செய்வது. அந்த மரம் 2007இல் சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது. பழைய வில்லின் நுனியில் தந்தம் வேறு இருக்கலாம். எல்லை தாண்டும்போது என்ன மரம், என்ன நுனி, எந்த வருடம் என்று காகிதம் காட்டத் தயாராக இருக்க வேண்டும். இத்தாலி, ஆஸ்திரியா, ஹங்கேரி மூன்றும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பதால் இந்த முறை தப்பித்தோம்.

வியாழன், வியன்னா

மூன்றாவது வட்டாரத்தில் ரசுமோவ்ஸ்கி மாளிகையை வெளியே நின்று பார்த்தேன். தூண்கள் வைத்த, கொஞ்சம் கர்வமான முகப்பு. குவார்ட்டெட் வாசிப்பதே தொழில் என்று நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்த கதை இந்த வீட்டைச் சேர்ந்தது. 1808இல், ரஷ்யத் தூதராக இருந்த ரசுமோவ்ஸ்கி, வயலின் கலைஞர் இக்னாட்ஸ் ஷுப்பான்சிக் தலைமையில் ஒரு குழுவை அமர்த்தினார். ஆயுள் ஒப்பந்தம்! பீத்தோவன் எழுதி முடித்த தாள் காய்வதற்குள் வாசித்துப் பார்க்க ஒரு குழு தயாராக இருந்தது. 1814 கடைசி நாள் இரவு மாளிகை தீப்பிடித்தது. அதன்பின் பிரபுவின் செல்வாக்கும் செல்வமும் சரிய, 1816இல் குழு கலைந்தது. ஷுப்பான்சிக் ரஷ்யாவுக்குப் போய்விட்டு 1823இல் திரும்பினார்.

திரும்பியவருக்குக் காத்திருந்தது பீத்தோவனின் கடைசிக்கால குவார்ட்டெட்டுகள் (நால்வர் குழுவுக்காக எழுதும் படைப்புக்கும் அதே பெயர்தான்). அவற்றில் ஓபஸ் 127 என்று எண்ணிட்ட படைப்புக்கான தாள்கள் தாமதமாகத்தான் கைக்கு வந்தன. நால்வரும் ஒழுங்காக வாசிப்போம் என்று கௌரவத்தின் மேல் சத்தியம் செய்து கையெழுத்திடும்படி பீத்தோவன் பாதி விளையாட்டாக ஒரு சீட்டு அனுப்பினார். 1825 மார்ச் 6 அன்று கச்சேரி சொதப்பியது. அடுத்து பீத்தோவன் இன்னொரு வயலின் கலைஞரான யோசெஃப் பேமிடம் போய்விட்டார். இதைச் சொன்னதும் இரண்டாம் வயலின் உடனே ஷுப்பான்சிக் பக்கம் பேச ஆரம்பித்தார்: ரெண்டு வாரத்தில் யாரால் முடியும், இன்றைக்கு எங்களுக்கே அதற்கு ஆறு மாசம் வேண்டும் என்று.

அதற்குப் பின் வந்த வியன்னா முறை வேறு. ஹெல்மெஸ்பெர்கர் குவார்ட்டெட் 1849இல் தொடங்கியது. தலைவர் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரிக்கும் இயக்குநர். ஆர்னோல்ட் ரோசே 1881இல் ஓபரா ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் வயலின் நாற்காலியில் உட்கார்ந்தார், குவார்ட்டெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பகலில் ஓபரா ஒத்திகை, இரவில் ஓபரா, நடுவில் கிடைத்த நேரத்தில் பிராம்ஸ், ஷோன்பெர்க் போன்ற அந்தக் கால இசையமைப்பாளர்களின் குவார்ட்டெட்டுகள். 1908இல் ஷோன்பெர்கின் இரண்டாம் குவார்ட்டெட்டை முதன்முதலாக வாசித்தது ரோசே குழுதான். சபையில் சிரிப்பும் சீழ்க்கையும் பறந்தன. ஐம்பது வருடங்களுக்கு மேல் ஓடிய குழுவை, நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938 நிறுத்தியது. யூதர் என்பதால் ரோசேயை ஓபராவிலிருந்து வெளியேற்றினார்கள். லண்டனுக்குப் போய் 1946இல் அங்கேயே இறந்தார். வயலின் கலைஞரான அவர் மகள் ஆல்மா 1944இல் ஆஷ்விட்ஸ் நாஜி முகாமில் இறந்தார்.

அதே 1938க்குப் பின் வியன்னாவிலிருந்து லண்டனுக்கு ஓடிய பையன்களில் மூன்று பேர், எதிரி நாட்டவர் என்று பிரிட்டனில் முகாமில் அடைக்கப்பட்டவர்கள், பிறகு ஓர் ஆங்கிலேயச் செல்லோக்காரரோடு சேர்ந்தார்கள். அவர்கள்தான் அமாடேயஸ் குவார்ட்டெட். 1948 ஜனவரியில் லண்டனின் விக்மோர் ஹாலில் முதல் கச்சேரி. ஆள் மாற்றமே இல்லாமல் நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வாசித்தார்கள். 1987இல் வயோலா வாசித்த பீட்டர் ஷிட்லோஃப் இறந்ததும் மற்ற மூவரும் நிறுத்திக்கொண்டார்கள். வியன்னாவின் ஆல்பன் பெர்க் குவார்ட்டெட்டிலும் 2005இல் வயோலாக்காரர் தாமஸ் ககுஷ்கா இறந்தார். அவர் மாணவியோடு தொடர்ந்தார்கள், 2008இல் முடித்துக்கொண்டார்கள்.

"பார்த்தீங்களா மாமா, வயோலா போனா எல்லாம் போச்சு." இவளுக்கு எல்லாவற்றிலும் ஒரே வாதம்தான்.

வெள்ளி, வியன்னா

கச்சேரி நாள். கொன்ஸெர்ட்ஹவுஸ் போன்ற பெரிய அரங்கம் எல்லாம் இல்லை, ஊரின் ஓரத்தில் ஒரு சின்ன மண்டபம். சராசரி வயது என்னைவிட அதிகம் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. நால்வரும் தாளுக்குப் பதில் டேப்லட் வைத்திருக்கிறார்கள். காலடியில் ஒரு பெடல், மிதித்தால் பக்கம் திரும்பும். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்த்தோக்கின் நான்காம் குவார்ட்டெட்டில் தந்தியை மேலே இழுத்துப் பலகையில் அறைவதுபோல் விடும் இடத்தில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திடுக்கிட்டுக் கைத்தடியைக் கீழே போட்டார். அதற்கும் தாளம் சரியாக விழுந்தது என்று செல்லோ பிறகு சொன்னார்.

கச்சேரி முடிந்து கைதட்டல் வாங்கிய பத்து நிமிடத்தில் பின்னறையில் கணக்கு. முகவருக்குக் கமிஷன். வெளிநாட்டுக் கலைஞர் என்பதால் ஆஸ்திரியா வழக்கமாக 20 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். ரயில், அறை, தந்தி, வில்லுக்குப் புது ரோமம். மிச்சத்தை நாலால் வகுத்தார்கள். தொகையைச் சொல்ல மாட்டேன். முதல் வயலினுக்கும் இரண்டாம் வயலினுக்கும் ஒரே பங்கு என்பதை மட்டும் சொல்கிறேன். வாசித்த நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் நல்ல கூலி. ஆறு மாத ஒத்திகையையும் சேர்த்தால் கால்குலேட்டரைத் தூரப் போட வேண்டியதுதான்.

ஆக, நால்வருக்கும் வேறு பிழைப்பு உண்டு. செல்லோ வாரத்தில் இரண்டு நாள் இசைப்பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார். முதல் வயலின் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் ஆள் குறையும்போது போய் வாசிக்கிறார். என் அக்கா மகள் திருமணங்களில் வாசிக்கிறாள். அதை எங்கள் வீட்டில் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை, அவள் சொல்கிறாள். "அங்கதான் மாமா ஒழுங்கா காசு தர்றாங்க."

இரவு படுக்கும் முன் அவள் இன்னொரு பெயர் சொன்னாள். மாரீ சோல்டாட் என்ற வயலின் கலைஞர், யோவாகிமின் மாணவி, 1895இல் வியன்னாவில் பெண்கள் மட்டுமே உள்ள ஒரு குவார்ட்டெட்டை நடத்தினார். அதில் வயோலா நதாலி பாவர் லெஷ்னர். இசையமைப்பாளர் மாலரின் தோழி, அவர் பேசியதையெல்லாம் குறித்துவைத்தவர் என்பதால்தான் இன்று வரலாற்றில் இடம். 1921இல் வறுமையில் இறந்தார். இதே ஊரின் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோ 1997இல்தான் ஒரு பெண்ணை முழு உறுப்பினராகச் சேர்த்தது. அந்தக் காலத்தில் ஓபரா நாற்காலி என்ற முட்டு பெண்ணுக்குக் கிடையாது, வாசிப்பு மட்டும்தான். இவர்கள் குழுவில் மூன்று பெண்கள்.

சனி, ஐசென்ஸ்டாட், ஃபெர்டோட்

வாடகைக் காரில் நானும் அக்கா மகளும் மட்டும். மற்றவர்கள் தூங்க வேண்டும் என்றார்கள்.

குவார்ட்டெட் என்ற வடிவத்துக்கு உருவம் கொடுத்த இசையமைப்பாளர் ஹைடனின் வேலை ஒப்பந்தம் 1761 மே 1ஆம் தேதியிட்டது. எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தின் இசைப் பணியாளர், வருடத்துக்கு 400 குல்டன் (அந்தக் கால நாணயம்). சீருடை, வெள்ளைக் காலுறை, பவுடர் போட்ட தலை. தினம் முற்பகலும் பிற்பகலும் முன்னறையில் வந்து நின்று இன்று பாட்டு வேண்டுமா என்று கேட்க வேண்டும். எழுதுவது எல்லாம் பிரபுவுக்குச் சொந்தம், வேறு யாருக்கும் நகல் தரக்கூடாது. ஐசென்ஸ்டாட் அரண்மனையின் அந்த நீண்ட மண்டபத்தில் நின்றால் இந்த நிபந்தனைகள் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை, அது வேறு விஷயம். ஒலி தேன் மாதிரி. அவள் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒருமுறை கை தட்டிப் பார்த்தாள், காவலர் முறைத்தார்.

எல்லை தாண்டி ஹங்கேரியில் ஃபெர்டோட். வயலுக்கு நடுவே திடீரென்று ஒரு பிரம்மாண்ட அரண்மனை, பக்கத்தில் இசைக்கலைஞர்களுக்கான வீடு. பெரும்பாலான கலைஞர்கள் மனைவி மக்களை இங்கே கொண்டுவர முடியாது. விதிவிலக்கு கிடைத்த சிலரில் ஹைடனும், முதல் வயலின் லூயிஜி தொமாசினியும் உண்டு. 1772இல் பிரபு ஊர் திரும்புவதைத் தள்ளிக்கொண்டே போனபோதுதான், ஒவ்வொருவராக எழுந்து போகும் 'ஃபேர்வெல்' சிம்பனி பிறந்தது. லீவு கேட்டு எழுதிய மனுக்களில் அதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது 1779இன் புதிய ஒப்பந்தம். எழுதுவதெல்லாம் பிரபுவுக்கே என்ற நிபந்தனை அதில் இல்லை. இரண்டே வருடத்தில், 1781இல், ஓபஸ் 33 குவார்ட்டெட்டுகளைச் சந்தா கட்டச் சொல்லி ஐரோப்பா முழுக்கக் கடிதம் எழுதி விற்றார் ஹைடன், பதிப்பாளருக்கும் கொடுத்தார். சம்பளம் ஒரு பக்கம், சந்தை ஒரு பக்கம். 1790இல் பிரபு நிக்கலஸ் இறந்து, வாரிசு ஆர்க்கெஸ்ட்ராவைக் கலைத்தபோது ஹைடனுக்கு லண்டன் காத்திருந்தது. அவருக்குக் கீழே வாசித்த எத்தனையோ பேருக்கு எதுவும் காத்திருக்கவில்லை.

ஞாயிறு, புடாபெஸ்ட்

லிஸ்ட் அகாடமி என்ற இசைக் கல்லூரியின் 1907 கட்டடம். உள்ளே நுழைந்தால் பச்சையும் பொன்னுமாகக் கண் கூசுகிறது. 1910இல் வால்ட்பாவர் தலைமையில் நாலு இளைஞர்கள் இந்த ஊரில் பார்த்தோக்கின் முதல் குவார்ட்டெட்டை அரங்கேற்றினார்கள். யாரும் தொடத் துணியாத புது இசையை வாசிக்கவே ஒரு குழு கூடியது.

ஆனால் இந்த ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்ட புடாபெஸ்ட் குவார்ட்டெட் கதைதான் எனக்குப் பிடித்தது. 1917இல் ஓபரா ஆர்க்கெஸ்ட்ராவைச் சேர்ந்த நாலு பேர் ஆரம்பித்தது. வேறு வேலைக்குப் போவதில்லை, எல்லாத் தகராறும் ஓட்டெடுப்பில் தீரும், எல்லோருக்கும் சம பங்கு, ஒத்திகைக்கு மனைவியோ காதலியோ வரக்கூடாது என்று சட்டம் போட்டுக்கொண்டார்கள். வியன்னாக்காரர்களின் பக்கத்தொழில் முறைக்கு நேர் எதிர். அப்புறம் ஒவ்வொரு ஹங்கேரியராக விலக, அந்த இடத்துக்கு ரஷ்யாவில் பிறந்தவர்கள் வந்தார்கள். 1930களின் நடுவில் பெயரில் மட்டும்தான் புடாபெஸ்ட் இருந்தது. ஒரு ரஷ்யர் என்றால் அராஜகவாதி, இரண்டு பேர் என்றால் செஸ், மூன்று என்றால் கம்யூனிஸ்ட் கிளை, நாலு என்றால் புடாபெஸ்ட் குவார்ட்டெட் என்று ஒரு பழைய ஜோக்கே உண்டு. அந்தக் கறாரான சட்டம்கூடத் தனியாக நிற்கவில்லை. வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடையாக வந்த ஸ்ட்ராடிவாரி வாத்தியங்களை வாசிக்கும் நிரந்தர இடம் கிடைத்த பிறகுதான் அவர்களுக்கு வேர் பிடித்தது.

இன்று அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பல்கலைக்கழகம். அதன் தொடக்கம் ஒரு விபத்து. பிரசல்ஸின் ப்ரோ ஆர்ட் குவார்ட்டெட் 1940 மே மாதம் அமெரிக்காவின் மேடிசன் நகரில் பீத்தோவன் வரிசையை வாசித்துக்கொண்டிருந்தபோது ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் புகுந்தது. திரும்ப ஊர் இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவர்களைத் தங்கவைத்துக்கொண்டது. இதே லிஸ்ட் அகாடமி மாணவர்கள் நாலு பேர் 1975இல் தொடங்கிய தகாச் குவார்ட்டெட்டும் 1980களில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் போய்க் குடியேறியது. பிரபு, ஓபரா, நூலகம், பல்கலைக்கழகம். ஐந்தாவதாக ஓர் ஆள் எப்போதும் மேடைக்கு வெளியே இருக்கிறார். தங்கள் ஐந்தாமவரை இந்த நால்வர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

திங்கள், புடாபெஸ்ட்

நேற்றிரவுக் கச்சேரி நன்றாகப் போனது. இன்று காலைச் சாப்பாட்டில் வெடித்தது.

இரண்டாம் வயலினுக்கு ஓர் ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து தேர்வுக்கு அழைப்பு. இவர் திரைக்குப் பின்னால் நின்று மோட்சார்ட் கன்சர்ட்டோவின் முதல் பகுதியும், ஸ்ட்ராஸின் 'டான் ஜுவான்' என்ற ஆர்க்கெஸ்ட்ராப் படைப்பின் முதல் பக்கமும் வாசிக்க வேண்டும். தேறினால் மாதச் சம்பளம், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு. அவருக்கு ஒரு வயதில் குழந்தை இருக்கிறது. முதல் வயலின் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காபி எடுக்கப் போனார், திரும்பி வர நேரமானது. அவர் கவலையிலும் நியாயம் உண்டு: பெரிய குவார்ட்டெட் போட்டிகள் பலவற்றில் 35 வயது போல ஒரு வரம்பு இருக்கிறது. இப்போது ஆள் மாறினால், புது ஆளோடு ஒரே காதாக ஆவதற்குள் வயது தாண்டிவிடும்.

செல்லோதான் வியன்னாவை இழுத்தார். ரோசே என்ன செய்தார்? நாற்காலி ஓபராவில், குவார்ட்டெட் பக்கத்தில். ஏன் முடியாது? எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பசியோடு வாசிப்பவருக்கு இசை கூடுதலாக வரும் என்பதெல்லாம் வயிறு நிறைந்தவர்கள் சொல்லும் கதை. அக்கா மகள் யார் பக்கமும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்ததும் இரண்டாம் வயலினைக் கூப்பிட்டு, 'டான் ஜுவான்' பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். வேகம் ஓடுகிறது, நாலாவது வரியில் வில் துள்ளுகிறது என்று திருத்தினாள். முதல் வயலின் கதவருகில் வந்து நின்று, கொஞ்ச நேரம் கேட்டு, விரல் போடும் முறையை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் நால்வரும் போனில் காலண்டரைத் திறந்து அடுத்த ஒத்திகைக்கு நாள் தேடினார்கள். தேர்வு, பள்ளி, திருமண சீசன், ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு மாற்று வேலை. பிப்ரவரியில் ஒரு வாரம் தேறியது. அதிலும் வியாழக்கிழமை செல்லோவுக்கு வகுப்பு இருக்கிறது. மாற்றித்தர முடியுமா என்று பள்ளிக்கு எழுதியிருக்கிறார்.